அதே அளவு மருந்து

ஹெம்லாக் ஓடை முகாம், ஜனவரி

அன்புள்ள வெர்னாவுக்கு,

நான் நலம். இந்தப் பனியில் உன் முழங்கால் வலி கூடியிருக்குமோ என்றுதான் கவலை.

இந்த வேட்டை முகாமில் என் சமையல் வேலை முடிந்ததும் நானும் மான் வேட்டைக்குப் போகலாம் என்றார்கள். குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் என் பழைய துப்பாக்கியை முதலில் காகிதத்தில் சுட்டுப் பார்த்தேன். மருந்தைக் கூட்டினால் குண்டுகள் சிதறின. குறைத்தால் ஒரே இடத்தில் விழுந்தன. தப்போ என்று மறுபடியும் சுட்டேன். என்னை உனக்குத் தெரியுமே. குறைந்த அளவையே வைத்துக்கொண்டேன்.

"வாத்தியாரே, இது அணிலுக்குப் போடுற மருந்தாச்சே" என்று முகாம் தலைவன் டெல்பர்ட் சிரித்தான். இங்கேயும் என்னை வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நேற்று ஓடைக்கு அக்கரையில் ஒரு மான் நின்றது. என் மருந்துக்கு அது தூரம். காயத்தோடு ஓடவிட மனமில்லாமல் சுடாமலே திரும்பினேன். குறி தவறியவனின் சட்டைப் பின்நுனியை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது இங்கே வழக்கம். டெல்பர்ட் கத்தரிக்கோலோடு வந்தான்.

"சுடாம வந்தாலும் தவறினதுதான். திரும்புங்க வாத்தியாரே."

"சுட்டுத் தவறினா நானே வெட்டித் தரேன். இது என் பொண்டாட்டி தைச்ச சட்டை. கையை எடுப்பா."

அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். சட்டை முழுசாக இருக்கிறது. நாளையும் அதே மருந்துதான். மான் கிட்டே வந்தால்தான் சுடுவேன்.

குண்டைச் சுற்றிக் கெட்டிக்கும் துணி தீர்ந்துவிட்டது. உன் தலையணையின் பழைய கோடுபோட்ட உறையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

தபாலுக்குப் போகும் வண்டி கிளம்பப் போகிறது.

உன்
ஆரின்