ஒரு பூஞ்சை, இரண்டு பெயர்

மார்ச் 3

பேராசிரியர் அவர்களுக்கு,

பயப்படாதீர்கள், பூஞ்சை விஷயமாகத்தான் எழுதுகிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன், நம் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்து பச்சை இலையிலிருந்த கரும்புள்ளிப் பூஞ்சைக்கு நீங்கள் பெயர் வைத்தீர்கள். மறுமுனையில் நான் மட்கிய குச்சியிலிருந்த சிவப்புக் கிண்ணப் பூஞ்சைக்கு வைத்தேன். மருந்து ஆராய்ச்சிக்காக என் ஆய்வகத்துப் பெண் இரண்டின் டி.என்.ஏ.வையும் எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தாள். அறுநூறு எழுத்தில் ஒன்றுகூடப் பிசகவில்லை. "மேடம், ரெண்டும் ஒரே ஆளுதான், சட்டைதான் வேற" என்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாம் கண்டுபிடிக்காதது.

ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்தான். முதலில் அச்சானதே நிற்கும் என்பது விதி. உங்களுடையது பத்தொன்பது நாள் முந்தி. வாழ்த்துகள். ஆனால் என் கட்டுரையைத் தபாலில் சேர்க்கச் சொல்லி உங்கள் கையில் தந்த அன்று, நீங்கள் உங்களுடையதற்குத் தலைப்புகூட எழுதியிருக்கவில்லையே?

இப்படிக்கு,
முன்னாள் மனைவி

மார்ச் 14

அன்புள்ள முன்னாளுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்தக் காலத்துத் தபால் உனக்குத் தெரியாததா? கல்யாணப் பத்திரிகை, குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு வந்து சேரும். விதி என்று இருக்கும்போது நான் என்ன செய்ய?

இப்படிக்கு,
கரும்புள்ளி

மார்ச் 22

கரும்புள்ளிக்கு,

முழங்கால் வலி உங்களுக்கு. எனக்கு முதுகு.

தபால்காரர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். என் கட்டுரையின் அடியிலேயே 'பெறப்பட்ட நாள்' அச்சாகியிருக்கிறது: உங்களிடம் தந்து நாற்பத்தோரு நாள் கழித்து. அப்போது அதைக் கவனிக்கும் மனநிலை எனக்கு இல்லை. அந்த மாதம்தான் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்திருந்தீர்கள்.

பெயர் போகட்டும். அந்த உறை எங்கே இருந்தது?

ஏப்ரல் 2

சிவப்புக் கிண்ணத்துக்கு,

என் மழைக்கோட்டுப் பையில்.

பத்து நாள் மறந்திருந்தேன். மீதி நாள், மறந்தவன்போல் இருந்தேன். நீ என்னை முந்திவிடக் கூடாதென்று, என்னுடையதை அனுப்பிவிட்டுத்தான் உன்னுடையதை அனுப்பினேன்.

"யாருங்க அவ?" என்று ஒருநாள் கேட்டாய். யாரும் இல்லை என்றால், "அப்ப என்னதான் உங்களுக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். மௌனம் சம்மதம் என்று நீ பெட்டி கட்டினாய். உனக்கும் எனக்கும் நடுவில் வந்தவள், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கோட்டுக்குள் இருந்தாள்.

பிந்திய பெயரையே நிலைநிறுத்தும்படி பெயர்க்குழுவிடம் கேட்க விதியில் இடம் உண்டு. மருந்து ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் நீ வைத்த பெயரைத்தான் எழுதுகிறார்கள். நான் வைத்ததை என்னைத் தவிர யாரும் எழுதியதில்லை. வாதம் அவ்வளவு சுலபம். அதோடு விட்டிருக்கலாம். நாற்பத்தோரு நாளையும் விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். நகல் இத்துடன்.

"குடுங்க சார், நான் போட்டுடறேன்" என்றார் அலுவலக உதவியாளர். தரவில்லை. நானே வரிசையில் நின்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதும் இத்துடன். கொஞ்சம் ஈரமாக இருக்கும், மன்னித்துக்கொள்: வெளியே நல்ல மழை, நான் கோட்டு போட்டுக்கொள்ளவில்லை.