சோடாவால் மந்திரித்த தோணி

இன்று காலை எங்கள் ஒழுங்கை முகப்பில் பீப்பாவை அடுப்பேற்றித் தார் உருக்கினார்கள். கண்டி வீதிக்குப் புதிதாகத் தார் போடுகிறார்களாம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் படலையில் நின்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். செத்தவர்களை ஊர் சாம்பிராணியில் நினைக்கிறது. உன்னை எனக்குத் தாரில்தான் நினைக்க வருகிறது. கோபிக்காதே, உயிரோடிருந்த கடைசி மாதங்களில் நீ அப்படித்தான் மணந்தாய்.

இந்த மடலுக்கு முத்திரை ஒட்டப் போவதில்லை. விலாசம் தெரியாது. நீ மேலே இருக்கிறாய் என்கிறார்கள் உன் ஆட்கள். திரும்பப் பிறந்திருப்பாய் என்கிறார்கள் என் ஆட்கள். தபால்காரனுக்கு உதவக்கூடியதாக ஒருவரும் ஒன்றும் சொல்கிறார்களில்லை.

எல்லாம் பூமிசாத்திர வகுப்பில் தொடங்கியது. பனி நாட்டு மனிதன் ஒருவன் தோல் தோணியில் இடுப்புவரை இறங்கி இருக்கிற படத்தை வாத்தியார் காட்டினார். எலும்புச் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைப்பார்களாம். மேலே ஓர் ஆள் புகத் துளை, கையில் இரண்டு பக்கமும் அலகு வைத்த ஒற்றைத் துடுப்பு. நீ என் காதுக்குள் சொன்னாய்: "இவன் தோணியிலை இருக்கேல்லையடா. தோணியை உடுத்திருக்கிறான்." நான் சிரித்தேன். நான் சிரித்ததற்குப் பக்கத்தில் இருந்த குணம் சிரித்தான். வாத்தியார் மூன்று பேரையும் வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினார். கீழே இருந்து படித்ததைவிட மேலே நின்று தீர்மானித்ததுதான் அதிகம். மணி அடிக்கமுன் தோணிக்கு அளவு எடுத்து முடித்துவிட்டோம்.

கடல்நாய்க்கு யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? உன் ஐயாவின் கிழிந்த பாய்ச்சீலை தோலானது. பனஞ்சலாகையும் மூங்கிலும் எலும்பாயின. தார் மட்டும் அரசாங்கத்தின் உபயம். குணத்தின் தகப்பன் வீதி ஓவசியர் என்பதால், வீதிக்குப் போகவேண்டிய தாரில் ஒரு பங்கு வழிதவறி உங்கள் கரையூருக்கு வந்துவிட்டது. உங்கள் வளவில் வைத்து மூன்று துளை விட்டுத் தைத்து, மூன்று பூச்சுப் பூசினோம். துடுப்பைப் பார்த்துவிட்டு உன் அம்மா கேட்டா: "என்ன, இரண்டு பக்கமும் அகப்பை? கடலைக் கிண்டி இறக்கப் போறியளோ?"

உன் அம்மாவின் சோடாவைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் வரும்போதெல்லாம் மூலைக்கடைக்கு ஆளனுப்பி ஒரு போத்தல் சோடா எடுப்பிப்பா. எங்கள் பக்கத்து ஆட்கள் உங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீரும் குடிக்கமாட்டார்கள் என்று அவவுக்குத் தெரியும். குண்டு அடைத்த போத்தலென்றால் யாருடைய கையும் பட்டிராது. "தம்பி, சோடா குடியுங்கோ" என்று மரியாதையாகத் தள்ளி வைப்பா. நானும் ஏவறை விட்டு விட்டுக் குடித்தேன். அந்தத் தள்ளி வைப்பில் என்ன இருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் குடிக்க நல்லாகத்தான் இருந்தது.

தோணி இறக்குகிற சனிக்கிழமை நீ தயங்கினாய். சுவாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் உங்கள் கரையில் எந்தப் புதுத்தோணியும் தண்ணீரைத் தொடுவதில்லை. "ஞாயிறு பூசை முடியக் கேப்பம். ஒரு நாள்தானே" என்றாய். எனக்குப் பொறுமை ஏது? "கேள். தார் எங்காலை எண்டு அவரும் கேப்பார்" என்றேன். நீ வாயை மூடினாய். நான் சால்வையைத் தோளில் அங்கிபோலப் போட்டுக்கொண்டு, குடித்து மிஞ்சிய அரைப்போத்தல் சோடாவைத் தோணிக்குத் தெளித்து, லத்தீன் வகுப்பில் மனப்பாடம் செய்த ஒரே வேற்றுமை வரிசையை இராகம் வைத்துப் பாடினேன்: மென்ஸா, மென்ஸா, மென்ஸாம். அதைத்தவிர எனக்கு லத்தீன் தெரியாது. நீ மணலில் விழுந்து உருண்டு சிரித்தாய்.

ஆனால் தோணியைத் தள்ளுமுன் நீ மறுபக்கம் திரும்பினாய். கண்ணை மூடி, நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டாய். அப்போது நீ சிரிக்கவில்லை. குணம் தூண்டிற்கயிற்றுச் சிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பின்துளையில் நீ, முன்துளையில் நான், நடுவில் குணம். நடுவில் குணம், இரண்டு கரையிலும் குற்றம் என்று நான் சொன்னதற்குத் துடுப்பால் என் முதுகில் தண்ணீர் அடித்தாய். கொழும்புத்துறைப் பக்கமாகப் போனோம். தண்ணீர் குளிப்பாட்டி விடுகிற சூட்டில் கிடந்தது. தோணி அவ்வளவு பதிவாக ஓடியதால் கடல் எங்கள் முழங்கையோடு கதைத்துக்கொண்டே வந்தது. இறாலைக் கொளுவித் தூண்டிலை விட்டதும் முதலில் இழுத்தது எனக்குத்தான். ஓரா. மரக்கறி வீட்டுப் பிள்ளையின் முதல் மீன். பெருமை தாளாமல் வெறுங்கையால் பொத்திப் பிடித்தேன். ஓராவின் முதுகில் நஞ்சு முள் வரிசையாக இருக்கிறதென்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

நான் போட்ட கூச்சலில் மண்டைதீவுக் கொக்குகள் எழும்பியிருக்கும். நீ குணத்தின் தோளுக்கு மேலால் எட்டி என் கையைப் பின்னுக்கு இழுத்து, வெயிலில் கொதித்துக் கிடந்த தார்ச்சீலையோடு விரலை அழுத்திப் பிடித்தாய். சூடு பட்டால் நஞ்சு இறங்குமாம். இறங்கியது. "மரக்கறிக்காரனை மீனும் மதிக்கேல்லை, பாத்தியே" என்றாய். விரலை விடாமலே சொன்னாய்.

பதினொரு ஓரா பிடித்த பிறகு சோளகக் காற்று எழும்பியது. திருப்புகிற அவசரத்தில் களங்கட்டி வேலியின் முறிந்த தடி ஒன்றின்மேல் ஏற்றினோம். கடலுக்குள் மீனுக்கு வேலி அடைக்கிறவர்கள் எங்களையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். சீலை கிழிந்தது. தண்ணீர் மடிக்கு வந்தது. குணம் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டான். நான் யாரைக் கூப்பிட்டேன் என்று சொல்லமாட்டேன், உன் ஆட்களிலும் இரண்டொருவர் அதில் அடக்கம். நீ துளையிலிருந்து இறங்கி எழும்பி நின்றாய். தண்ணீர் உன் இடுப்புக்கு.

"தாழுறதுக்கு முதல் ஒருக்கா எழும்பி நிண்டு பாருங்கோடா" என்றாய்.

தோணியை இழுத்துக்கொண்டு கடலால் நடந்தே கரைக்கு வந்த மீன்பிடிகாரர் யாழ்ப்பாணத்தில் நாங்கள்தான். அன்று முழுக்கக் கரையூர் சிரித்தது. அதே கரையூர் ஆறு கிழமைக்குள் அதே தோணியைப் பார்த்து முகத்தைத் திருப்பியது.

உனக்கு வந்தது நெருப்புக்காய்ச்சல். டாக்குத்தர் அப்படித்தான் சொன்னார். இருபது நாள் கிடந்தாய். என் ஐயா என்னை உன்னைப் பார்க்க விடவில்லை. செத்தவீட்டன்றும் உங்கள் ஒழுங்கை வேலிக்கு வெளியே நின்றுதான் உன்னைக் கொண்டுபோகிறதைப் பார்த்தேன். உள்ளே குணம் அழுதழுது சோடாக் கதையைச் சொல்லிவிட்டான். ஆனால் யார் தெளித்தது என்று சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றுகிறானாம். கேட்டவர்கள் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். வேதக்காரப் பொடியன் நீ, அப்ப தெளித்தது நீதான். சுவாமியாரைப் பழித்தாய், ஆண்டவர் கூப்பிட்டுவிட்டார். தோணியில் விழுந்த கிழியலே அதற்குச் சாட்சி. உங்கள் கோயில் மூப்பர் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு தோணியைக் கொளுத்தவேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

நான் வேலிக்கு வெளியே நின்று இதெல்லாம் கேட்டேன். வாய் திறக்கவில்லை. ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். வாய் தேவைப்பட்ட ஒரே நாளில் அது என்னிடம் இருக்கவில்லை.

பிறகு குணம் வந்து சொன்னான், உன் அம்மா சோறு தொடுகிறதில்லையாம். என்ரை பிள்ளை மோட்சம் போகானோ என்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கேட்கிறாவாம். ஒருவரும் ஓம் என்றும் சொல்கிறதில்லை, இல்லை என்றும் சொல்கிறதில்லையாம்.

முப்பத்தோராம் நாள் வெளிக்கிட்டேன். ஐயா படலையில் நின்றார். "அந்த வளவுக்குள்ளை போனால் இந்த வளவுக்குள்ளை வராதை" என்றார். எங்கள் வளவுக்கு இரண்டு படலை இருக்கிறது. மற்றதால் போனேன்.

உங்கள் முற்றத்தில் சனம் நிறைந்திருந்தது. தோணி ஒரு பக்கம், அதன்மேல் காய்ந்த ஓலை அடுக்கி ஆயத்தமாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் உன் அம்மா பழக்கத்தில் யாரையோ சோடாவுக்கு அனுப்பப் பார்த்தா. நான் வேண்டாமென்று நடுமுற்றத்தில் நின்று சொன்னேன். தெளித்தது அவனில்லை, நான். சுவாமியாரைக் கேட்பம் என்று சொன்னவன் அவன், தடுத்தவன் நான். தள்ளுமுன் அவன் தனியத் திரும்பி நின்று சிலுவை போட்டான், உண்மையாகப் போட்டான், நான் கண்டேன். வேதத்தைப் பழித்ததற்குத்தான் சாவு என்றால் சாகவேண்டியவன் நான். இந்தா நிற்கிறேன், எனக்கு ஒரு தும்மல் தடிமன்கூட இல்லை.

மூப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உன் அம்மா கையைக் காட்டி மறித்தா.

"என்ன சொல்லித் தெளிச்சனி?"

நான் தோணியைப் பார்த்தேன்.

"சொல்லு. எனக்குக் கேக்கவேணும்."

மென்ஸா, மென்ஸா, மென்ஸாம் என்றேன். இராகம் வைக்கவில்லை. அதுக்கு என்ன கருத்து என்று கேட்டா. மேசை என்றேன். மேசை, மேசையே, மேசையை.

"மேசையோ" என்றா. பிறகு வாய் கோணியது. அழப்போகிறா என்று நினைத்தேன். "என்ரை பிள்ளை மேசைக்கே ஆமென் சொன்னவன்" என்று சிரித்தா. சிரித்துக்கொண்டே அழுதா. நீ ஆமென் சொன்னதாக நான் சொல்லவேயில்லை. தாய்க்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு மூப்பரைப் பார்த்து, "அண்ணை, ஓலையை எடுப்பியுங்கோ. அடுப்புக்கு ஆகும்" என்றா. அவர் வழக்கம் அது இது என்று தொடங்கினார். "சிலுவை போட்ட பிள்ளையின்ரை தோணியைக் கொளுத்தச் சொல்லி எந்த வழக்கத்திலை கிடக்கு?" என்று கேட்டா. உன் ஐயா எழும்பிப் போய்த் தன் கையாலேயே ஓலையை இழுத்துப் போட்டார்.

நான் திரும்ப, முதல்முறையாக உன் அம்மா என்னை எடேய் என்றா. "எடேய், எங்கை போறாய்? இருந்து சாப்பிடு." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவவுக்கே உறைத்தது. முற்றம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் உன் தம்பிக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தேன். சோறும் மீன்குழம்பும். அவவும் எனக்கு முன்னால் இருந்து ஒரு பிடி வாயில் வைத்தா. குழம்பு உறைப்பென்றால் உறைப்பு. கண்ணால் வழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் கதை எனக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. தலைமுழுகி, இனிப் போகமாட்டேன் என்று சொன்னால் உள்ளே வரலாம் என்றார் ஐயா. தலைமுழுகினேன், நல்ல வெக்கை. மற்றதைச் சொல்லவில்லை. இப்போது புகையிலைக் குடிலில்தான் படுக்கை, சாப்பாடு எல்லாம். அம்மா இலையைக் கொண்டுவந்து தள்ளி வைக்கிறா. உன் அம்மா சோடாவைத் தள்ளி வைத்தபோது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது. ஐயா ஒவ்வொரு பின்னேரமும் வாசலில் வந்து நின்று இருமுகிறார். நான் உள்ளேயிருந்து திருப்பி இருமுகிறேன். ஒரு கிழமையாக இதுதான் எங்கள் பேச்சுவார்த்தை. போகமாட்டேன் என்று சொல்லமாட்டேன், மச்சான். அவர் மாரி முழுக்க இருமட்டும்.

சுவாமியார் வந்து தோணியை முறையாக மந்திரித்தார். தாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று தாரைச் சொல்லி நான் உன் வாயை அடைத்தது வெறும் சாட்டு. அதற்கு என்னிடம் பகிடி இல்லை.

உன் ஐயா கிழியலைத் தைத்துத் தந்தார். கரையிலை கிடந்து உளுத்துப்போக விடாமல் ஓட்டுங்கோ என்று உன் அம்மா சொல்லிவிட்டா. போன சனிக்கிழமை இறக்கினோம். முன்துளைக்குக் குணம் போனான், நான் நடுவுக்கு மாறினேன். பின்னால் பாரமில்லாமல் தோணி முகத்தைக் குத்திக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு அலைக்கும் உன் வெறுந்துளையால் தண்ணீர் புகுந்தது.

"மச்சான், உந்தத் துளையைத் தைச்சு மூடுவம்" என்றான் குணம். "நனைஞ்சு சாகிறம்."

மூடவிடமாட்டேன் என்றேன். தண்ணீர் வரட்டும். நடுவில் இருந்தால் கை பின்னுக்கு எட்டும், அதற்காகத்தான் மாறினேன். ஒரு கையில் துடுப்பு, மறுகையில் சிரட்டை. வர வர அள்ளி ஊற்றிக்கொண்டு போகிறேன்.