போயாவுக்குச் சங்கு ஊதல

இரத்தோட்டை
2008.06.21

அன்பு மக சந்திரகாந்தாவுக்கு அம்மா எழுதுறது. மாரியம்மா புண்ணியத்துல நானும் அப்பாவும் கையும் காலும் சொகமா இருக்கோம், ஜோர்தான்ல நீயும் அப்பிடியே இருக்கணும்னு தெனமும் கும்புடுறேன். இத கம்யூனிகேஷன் கடையில நானே டைப் பண்றேன், யாரும் சொல்லித் தரல, ஒவ்வொரு எழுத்தா தேடிப் புடிச்சிப் பழகிட்டேன். ஓயா ஆத்துப் பள்ளத்துல எடுத்த போட்டோவ நெட்டுல போட்டேன்ல, அதப் பாத்து மாத்தளை டவுன்ல டீச்சரா இருக்கிற ஸக்கியா மூணு கூட்டாளிமாரோட பொசொன் பௌர்ணமிப் போயாவுக்கு வந்திச்சி. பொம்பள வழிகாட்டுனாத்தான் வீட்டுல விடுவாங்களாம். செக்பொயின்ட்ல ஆமிக்காரன் ஐடி எல்லாம் பாத்துட்டு எங்க போறீங்கன்னான். அட்டைக்கு ரத்தம் குடுக்கப் போறோம் மாத்தயான்னு சிங்களத்துல சொன்னேன், சிரிச்சிட்டு விட்டுட்டான்.

அந்தப் பள்ளம் இருக்கே புள்ள, மேல குளம், கீழ ரெண்டு பக்கமும் கல்லு செவரு மாதிரி நிக்கிது, காடு கவுந்து வெயில அரிச்சி அரிச்சித்தான் விடுது. தண்ணிக்குள்ளயே நடக்கணும். காலுல சவுக்காரம் பூசிவிட்டேன், ஒரு அட்டை ஒட்டல. ஆனா ரெண்டு மணிக்கு வயலுக்காகக் குளத்து மடையத் தெறப்பாங்க, தெறந்தா பள்ளத்துல ஆளு நிக்க ஏலாது. அதுக்கு முந்தி வேரப் புடிச்சி மேல ஏறணும், ஏற எடம் ரெண்டே ரெண்டுதான். போனெல்லாம் பொலித்தீன் பையில கட்டி வச்சிருந்தாங்க. மணி பாக்கவா அக்கான்னு ஸக்கியா கேட்டிச்சி. வேணாம் தங்கச்சி, ஒரு மணிக்கு பெக்டரி சங்கு ஊதும், இருவது வருசமா அத வச்சித்தான் கொழுந்து பறிக்கிறேன்னு பெருமையா சொல்லிட்டேன்.

மொதல் எடத்தத் தாண்டிட்டோம், சங்கு வரல. இன்னும் நேரம் கெடக்குன்னு போட்டோ வேற எடுத்தோம். அப்பத்தான் கீழ புத்த பன்சலையிலருந்து ஸ்பீக்கர்ல போயாவுக்குப் பண ஓதுற சத்தம் வந்திச்சி. போயான்னு லீவுலதான நான் வந்தேன், பெக்டரிக்கும் லீவு, சங்கு எப்பிடி ஊதும்? அந்தப் புத்தி வரல பாரு. நாலு பேரையும் வெரட்டிக்கிட்டு ரெண்டாவது எடத்துக்கு ஓடுனேன், வேரப் புடிக்கச் சொல்லி ஒவ்வொருத்தியா தள்ளிவிட்டேன், கடைசியா நான் ஏறித் திரும்புனா தண்ணி செவப்பா மரக்கட்டையெல்லாம் உருட்டிக்கிட்டு வருது. நாங்க நின்ன கல்லக் காணோம்.

தப்பு என்னோடதுன்னு அங்கயே சொல்லிட்டேன். ஸக்கியாதான், காது கேக்குற ஆளோட வந்தோமே அல்ஹம்துலில்லாஹ், ஆனா அடுத்த வாட்டி மணி நாங்கதான் பாப்போம்னிச்சி. அப்பா மட்டும் ரெண்டு நாளா என்னய சங்குன்னுதான் கூப்புடுறாரு.

போகாதம்மான்னு நீ சொல்லுவ. போவேன் புள்ள, வார மாசப் போயாவுக்கு ஏழு பேர் வாறாங்க, அந்தப் பள்ளம் எனக்கு அத்துப்படி. நீ போன வருசம் அனுப்புன வாட்ச்ச, கொழுந்துக் கறை படும், நல்லது கெட்டதுக்குக் கட்டலாம்னு அலமாரியில வச்சிருந்தேன்ல, அத எடுத்துட்டேன். பெட்டியத் தெறந்தா ஒங்க ஊரு நேரத்துலயே ஓடிக்கிட்டு கெடக்கு. திருகி நம்ம நேரத்துக்கு மாத்திக் கட்டிட்டேன். பெட்டியில ஊசி நூலு வச்சிட்டேன், இனி அது உள்ள போகாது.

நேரத்துக்குச் சாப்புடு, பாஸ்போட்ட யாருகிட்டயும் குடுக்காத. ஆத்தா ஒன்னயக் காப்பாத்துவா.

கையில வாட்ச்சோட,
ஒன் அம்மா புஷ்பவதி