கழற்றி வைத்த ஒயர்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஸ்ரீராம்புரம் சந்துகளில் குப்பை எடுத்து முடிக்க மதியமாகிவிட்டது. நான் ஓட்டும் குப்பை வண்டி பழசு, என் கைக்கு வந்து ஒரு வாரம்தான். மேடு ஏறும்போது எஞ்சினில் டக் டக். சாவி போட்டால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். இதில் எரியவே இல்லை. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன், அளவு சரி. பல்பு போயிருக்குமோ?
வாங்க: சோப்பு, இருமல் மருந்து.

ஜூலை 8, செவ்வாய்
சீட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன். பல்பு காரணமில்லை. எஞ்சினில் உள்ள ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி ஒதுக்கியிருக்கிறார்கள். மாட்டினேன். விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்தும் அணையவில்லை. அப்படியென்றால் எஞ்சினுக்குள் ஆயில் சரியாக ஏறவில்லை. உடனே ஆஃப்.

கழற்றச் சொன்னது சூப்பர்வைசர் மஞ்சுநாத்தாம். அவரே சொன்னார். "லைட்டப் பாத்தா டிரைவருங்க பயந்துக்குறாங்கம்மா. நீ ஓட்டு. ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது."

போன மாதம் இன்னொரு வண்டியில் எஞ்சின் சீஸ் ஆகி, இறுகி நின்றுபோனது. பழி டிரைவர் சேகர் அண்ணன் மேல். வேலையும் போனது. அதைச் சொன்னேன்.

"செக் பண்ணாம சாவியைத் திருப்ப மாட்டேன் சார்."

அப்படியென்றால் வீட்டுக்குப் போ என்றார். போகவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்தேன். கூடக் குப்பை எடுக்கும் லட்சுமி அக்கா டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜூலை 9, புதன்
தெருவில் குப்பை தேங்கி, மஞ்சுநாத்துக்குப் போன் மேல் போன். வேறு வழியில்லாமல் மெக்கானிக் நயாஸ் பாயைக் கூப்பிட்டார். பாய் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டினார். முதலில் முள் கொஞ்சம் ஏறியது. எஞ்சின் சூடானதும் விழுந்து, ஏறக்குறைய பூஜ்யம்.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கினார். ஆயில் உறிஞ்சும் சல்லடை முழுக்கக் கறுப்புச் சேறு, சம்ப்பை ஒட்டிய பழைய பசையின் துண்டுகள். பேரிங் லேசான தேய்மானம், தப்பித்தது. "இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா அவ்ளோதான்மா" என்றார். மஞ்சுநாத் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 10, வியாழன்
சல்லடை சுத்தம், புது ஆயில். சூட்டிலும் முள் இறங்கவில்லை. வண்டி சரி. ஆனால் மஞ்சுநாத் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அதைவிடப் பழையது. தண்டனைதான், வேறென்ன.

"இதுலயும் ஒயர் கழட்டியிருக்கா சார்?" வண்டிகள் நிற்கும் யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
நல்ல வெயில். நான் போவதற்குள் யார்டில் மற்ற டிரைவர்கள் சீட்டைத் தூக்கி வைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு வண்டிகளில் இதே வேலை. செக் பண்ணாமல் எடுக்க மாட்டோம் என்று அந்த டிரைவர்களும் சொல்லிவிட்டார்கள். இரண்டும் இன்று கிளம்பவில்லை.