வாய் ரத்தத்த சொல்லாம விட்டது

மார்ச் 4, செவ்வாய்

பதினொரு தடவை. ஏழுல ரத்தம்.

நர்சம்மா இந்த நோட்ட குடுத்து, தெனம் எத்தனை தடவை போறீங்க, ரத்தம் உண்டா இல்லையா, அத மட்டும் எழுதுங்கன்னாங்க. அத மட்டும் எழுத எனக்கு வராது. ஒரு கதவப் பத்தி கேட்டா, அந்த மரம் எங்க நின்னுச்சுங்கறதுலேந்து ஆரம்பிக்கற வாயி இது. பள்ளிக்கூடத்துல அஞ்சு வருசம் பெஞ்ச தேச்சதோட சரி. மரத்த நூல் பிடிச்ச மாதிரி அறுக்கற கை, பேனாவ எடுத்தா கோணிக்குது. இருக்கட்டும், யாரு பாக்கப் போறா.

ஆஸ்பத்திரி கக்கூஸ் கதவு தரையில இடிக்குது. இழைப்புளியால ரெண்டு இழுப்பு இழுத்தா போதும். வயித்துக்குள்ள யாரோ துணி பிழியற மாதிரி இருக்கு, நான் உக்காந்துகிட்டு மனசுக்குள்ள அந்தக் கதவ இழைச்சுகிட்டு இருக்கேன். இந்த புத்திய என்ன சொல்றது.

மார்ச் 7

பெருங்குடல் முழுக்க புண்ணாம். மூணாவது மருந்தும் கேக்கல. ஏப்ரல் கடைசி வரைக்கும் பாப்போம், அடங்கலன்னா குடல எடுத்துட்டு வயித்துல பை மாட்டணும்னாங்க டாக்டரம்மா. தேதி கூட குறிச்சாச்சு. "அதோட நல்லா வாழறவங்க நெறைய பேரு இருக்காங்க, பயப்படாதீங்க."

இருப்பாங்க. அவங்கல்லாம் ஏணி உச்சியில நின்னு, வயித்த செவுத்துல சாச்சு வேல பாக்கறவங்களா? கேக்கணும்னு நெனச்சேன். வாய் வரல.

கேள்வி மேல கேள்வி. காய்ச்சல் உண்டா, மூட்டு வலி உண்டா, வேற எங்கயாச்சும் ரத்தம் வருதா. இல்ல, இல்ல, இல்லன்னேன்.

மார்ச் 15

பதிமூணு.

மார்ச் 19

பன்னெண்டு. மச்சான் வந்திருந்தான். வீட்டுக்காரியோட தம்பி, எனக்கு வேலையில ஜோடி. நான் படுத்ததுலேந்து ஒத்த ஆளா அல்லாடறான்.

"நீங்க இல்லாம வேல நிம்மதியா நடக்குது மாமா. திட்டறதுக்கு ஆளே இல்ல."

சொல்லிட்டு செவுத்த பாத்துகிட்டு உக்காந்திருந்தான். என் கைய பாக்க பிடிக்கல போல. எலும்புக்கு தோல் போத்தின மாதிரி ஆயிடுச்சு.

அவன் போனப்புறம், சாகறதுன்னா ஒரேயடியா சாகணும், இப்படி ஒழுகி ஒழுகி சாகக்கூடாதுன்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரி துணி மடிச்சுகிட்டு இருந்தா.

"செத்துப் பாருங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு" அப்படின்னா. மடிச்ச சட்டையையே பிரிச்சு பிரிச்சு மறுபடி மடிச்சா. சொல்லியிருக்கக்கூடாது. ஆனா பொய்யும் இல்லையே. எத்தனை நாளைக்கு?

மார்ச் 24

காலையில வாய் கொப்பளிச்சுகிட்டு இருந்தேன். வீட்டுக்காரி பின்னால நின்னுருக்கா.

"என்னங்க இது, தண்ணியெல்லாம் செவப்பா போகுது?"

"ஆணி குத்தினதுடி."

இத கொஞ்சம் சொல்லணும். தச்சு வேலையில ஒரு கை பலகைய பிடிக்கும், ஒரு கை சுத்தியல பிடிக்கும். ஆணிய யாரு பிடிப்பா? வாய்தான். பத்து பதினஞ்சு ஆணிய உதட்டுல கவ்விகிட்டு, நாக்காலயே ஒண்ணொண்ணா தள்ளி எடுப்போம். அப்படியே பேசவும் செய்வோம், திட்டவும் செய்வோம். மச்சான் ஒரு தடவை கவ்விகிட்டே தும்மிட்டான், வேல நடந்த வீட்டு சொந்தக்காரர் முதுகெல்லாம் ஆணி. இருபத்தெட்டு வருசமா இதே பொழப்பு. அதனால எங்க ஆளுங்களுக்கு வாயில வர்றது ரத்தமே இல்ல. தலையில மரத்தூள் இருக்கற மாதிரி அதுவும் ஒண்ணு.

அவ நகரல.

"நீங்க ஆணிய தொட்டு ஏழு வாரம் ஆச்சு."

விரலால ஈற அழுத்திப் பாத்தேன். ரத்தத்தோட சீழும் வந்துச்சு. நாத்தம்.

மார்ச் 26

டாக்டரம்மாகிட்ட சொன்னேன். பேனாவ கீழ வெச்சுட்டாங்க.

"ரத்தம் வருதான்னு கேட்டேனே?"

"அது வேல ரத்தம்னு நெனச்சேன் டாக்டர்."

கோவிச்சுப்பாங்கன்னு பாத்தா, நெத்திய தேச்சுகிட்டாங்க. அப்புறம் பொறுமையா சொன்னாங்க. குடல் புண்ணு இருக்கறவங்களுக்கு ஈறு கெட்டுப்போறதும் கூடவே நெறைய பாக்கறாங்களாம். ஈறுல இருக்கற கிருமிய நாம தெனம் எச்சிலோட முழுங்கறோம். நல்ல குடல்னா சமாளிச்சுடும். புண்ணு குடல்ல போய் தங்கிட்டா நெருப்ப விசிறி விடலாம்னு சந்தேகப்படறாங்க. இன்னும் முடிவா சொல்ல முடியாதாம். "ஆனா வாயில சீழ வெச்சுகிட்டு இருக்கறதுக்கு எந்த நியாயமும் இல்ல." புது மருந்து ஒண்ணும் ஆரம்பிச்சாங்க.

ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லாம விட்டேன்.

மார்ச் 28

பல் டாக்டரு கம்பிய விட்டு ஈற அளந்தாரு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பொந்து பொந்தா இருக்காம். கரையான் அரிச்ச வாசக்கால் வெளியில பளபளன்னு நிக்கும், தட்டினாத்தான் தெரியும். அது மாதிரி. நாலஞ்சு தடவை வந்து சுரண்டி சுத்தம் பண்ணணும், ரெண்டு பல்ல காப்பாத்த முடியாதுன்னாரு. பிடுங்கிக்குங்கன்னேன்.

ஏப்ரல் 9

பதினாலு. பத்துல ரத்தம்.

பல்லும் போச்சு, குடலும் போகப்போகுது. குளியலறை தரையில உக்காந்து அழுதேன். ஏன் எனக்கு? யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்? வெளியில அவ கதவுல கை வெச்சுகிட்டே நின்னுருக்கா. தொறக்கும்போதுதான் தெரியும்.

ஏப்ரல் 20

ஏழு. ரத்தம் ரெண்டுல. நம்பல. எழுதி வெக்கறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 29

நாலு. ரத்தம் இல்ல.

ஆபரேசன் தேதிய இப்போதைக்கு எடுத்துட்டாங்க. பல்லாலயா, மருந்தாலயான்னு கேட்டேன். ரெண்டும் சேந்து இருக்கலாம், ஒண்ண மட்டும் கை காட்ட முடியாதுன்னாங்க டாக்டரம்மா. மறுபடி வராதுன்னும் சத்தியம் பண்ண மாட்டாங்களாம். வீட்டுக்காரி பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பிகிட்டே வந்தா.

மே 16

இன்னைக்கு மச்சான் கூட வேலைக்குப் போனேன். சமையலறையில அலமாரி. போன அர மணியில சண்டை. கதவு எடப்பக்கம் தொறக்கணும்னு அவன், வலப்பக்கம்னு நான். அடுப்புகிட்ட நிக்கறவங்க மண்டையில இடிக்கும்டான்னா, மரமண்டைக்கு மரம் இடிச்சா என்னங்கறான். நானும் விடல. அந்த வீட்டம்மா தண்ணி கொண்டாந்து வெச்சுட்டு, சிரிச்சுகிட்டே போயிட்டாங்க. முக்கா மணி நேரம் கத்திகிட்டே நின்னோம்.

திடீர்னு அவன் வாய மூடிட்டான். செவுத்துல இருந்த கடிகாரத்த பாத்தான். என்னைய பாத்தான்.

"நீங்க ஒரு தடவை கூட கக்கூஸுக்கு ஓடவே இல்ல மாமா."

அப்பதான் எனக்கே தெரியும்.

"சரி விடுங்க, உங்க இஷ்டப்படியே வெப்போம்"ன்னு சொல்லிட்டு, அளவு பாக்கற மாதிரி அலமாரிக்குள்ள தலைய விட்டுகிட்டான். ரொம்ப நேரம் வெளிய எடுக்கல.