ஒரே ஒரு குழம்பு

வியாழக்கிழமை, இரவு.

ஐம்பதை நெருங்கும்போது பினாங்கின் பாயான் பாரு பகுதித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, காணொளிகளைப் பார்த்து இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டது துணிச்சலா, வீம்பா? பழைய மேலாளர் திரும்ப அழைக்கிறார். நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நாளைதான் என் முதல் வாடிக்கையாளர், சோற்றில் பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை பாயிடம், அவர் கடைக்காகச் செய்த ஆர்டர் பக்கத்தைக் காட்டுகிறேன். இன்று தங்கை கலா அதைக் கைபேசியில் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு கொழம்புதான் எடுக்க விடுது. மீன் கொழம்ப தட்டுனா கோழி போயிருதுலா."

"ஒண்ணுதானே எடுக்கணும்?"

"கலந்து ஊத்தாம யாரு சாப்புடுவா? நீ பினாங்குக்காரிதானா?"

நானும் கலந்துதான் சாப்பிடுகிறேன். காணொளிப் பாடத்தில் செய்து காட்டியது பீட்சா கடைப் பக்கம்; அதில் ஒரே ஒரு சாஸ்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். உடனே திருத்திவிட்டேன். இப்படி யோசிக்காமல் வேறு எதையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேனோ என்பதுதான் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை.

பாய் எல்லாக் குழம்பையும் தட்டிப் பார்த்தார்; எதுவும் போய்விடவில்லை. "நல்லாத்தான் இருக்கு. மகன்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்கா" என்றார். அது சம்மதமா, மறுப்பா என்று தெரியவில்லை. எதுவானாலும் இந்த வேலைதான் என்று, கடை வாசலிலேயே நின்று, திரும்பி வரப்போவதில்லை என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன்.