எட்டுப் போட்ட புள்ளி

அன்பு மகளுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன், முழங்கால் வலி பாதியாகக் குறைந்துவிட்டது, பிரஷர் மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதே போல நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்க்கிற அம்மா திடீரென்று தபாலில் கடிதம் போடுகிறாளே என்று பதறாதே. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ பாதியில் புகுந்து முடித்து வைக்கிறாய், காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அவ்வளவுதான் காரணம். உட்கார்ந்து நிதானமாகப் படி. படித்ததும் படம் பிடித்து உன் மாமாவுக்கு அனுப்பாதே, இதில் அவன் பங்கு நிறைய வருகிறது, அதையெல்லாம் அவனிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் நல்ல செய்தி. உன் அம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஸ்கூட்டர் ஓட்டுகிற லைசென்ஸ், அறுபத்திரண்டு வயதில், ஒரு இடத்தில்கூடக் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டு. ஆமாம், நீ அங்கிருந்தே ரத்து செய்தாயே, அதே தேர்வுதான். பயப்படாதே, கோபத்தில் எழுதவில்லை, கோபமெல்லாம் போன மாதமே தீர்ந்துவிட்டது, இப்போது எனக்கு இருப்பது தலைகால் புரியாத சந்தோஷம் மட்டும்தான். ஆனாலும் நடந்ததை நடந்தபடி நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீ இதுவரை பார்த்ததெல்லாம் உன் போன் வரைபடத்தில் நகர்ந்த ஒரு நீலப் புள்ளியைத்தான், என்னை அல்ல.

அப்பா தவறிப்போன வருஷம் நீ வந்திருந்தபோது ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரலாலும் தட்டித் தட்டி இந்தப் போனை எனக்கு அமைத்துக் கொடுத்தாய். "உனக்கு ஒரு தொந்தரவும் இல்லம்மா, எல்லாம் என் நம்பருக்கே வரும், நான் பாத்துக்கறேன்" என்றாய். எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அதற்கப்புறம்தான் எல்லாம் ஒவ்வொன்றாகப் போனுக்குள் போய்விட்டது. டாக்டரிடம் வரிசை எண் போனில், மருந்து போனில், கேஸ் போனில், நூலகத்தில் புத்தகம் எடுக்கக்கூடப் போன். எதைத் தொட்டாலும் ஓடிபி கேட்கிறது, ஓடிபி உனக்கு வருகிறது, அங்கே உனக்கு நடுச்சாமம். பல் டாக்டர் வரவேற்பறையில் அந்தப் பெண் "நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்க, என் மகள் தூங்குகிறாள் என்று நான் சொல்ல, பின்னால் நின்றவர்கள் சிரித்தது இன்னும் காதிலேயே இருக்கிறது. அது கூடப் பரவாயில்லை. எனக்கென்று இரண்டு உள்பாவாடையும் மற்றதும் வாங்கினேன், "உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது" என்று அளவு முதற்கொண்டு உன் நம்பருக்குச் செய்தி போய், அது உங்கள் வீட்டுக் கூடத்துப் பெரிய திரையில் தானாக வந்து நின்று, மாப்பிள்ளை பாவம் நல்ல மனதோடு "அத்தைக்கு ஏதோ பார்சல் வருதாம்" என்று போனில் சொன்னாரே, அன்று எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீ சிரிப்பாய் என்று தெரியும், இப்போது நானும் சிரிக்கிறேன்.

கடைக்குப் போக வேண்டுமென்றாலும் போனில் வண்டி கூப்பிட வேண்டும், நான் ஏறியதும் உனக்குச் செய்தி, இறங்கியதும் உனக்குச் செய்தி. பழைய வேலைத்தோழி ஒருத்தி வீட்டுக்குப் போய் வந்தால், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "அவங்க வீட்டுல ரெண்டு மணி நேரம் என்னம்மா பேசினீங்க" என்று நீ சிரித்துக்கொண்டே கேட்பாய். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள்டி நான். வார்டுக்கும் வெளிக்கும் லைன் போட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஹலோ சொன்னதும் நம் காதை எடுத்துவிட வேண்டும், அதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். அந்த ஆஸ்பத்திரியில் யார் யாரிடம் என்ன அழுதார்கள் என்று நான் வாயைத் திறந்திருந்தால் பாதிக் குடும்பங்களில் பேச்சுவார்த்தையே இருந்திருக்காது. அப்படி இருந்தவளுக்கு, தன்னுடைய ஒரு சின்னப் போக்குவரத்துகூட இன்னொருத்தர் காதுக்குப் போகாமல் இல்லை என்றால் எப்படி இருக்கும் சொல்லு. அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளப் போனேன். யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் செய்தி போகாமல், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்கு.

பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம், அதில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து வைத்திருப்பார்கள். சொல்லிக் கொடுக்கிறவளுக்குப் பெயர் வேறு ஏதோ, எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவள் வாயிலிருந்து வருகிற ஒரே உபதேசம் "பிரேக்கைத் தொடாதீங்க, தொட்டா சாஞ்சிடுவீங்க" என்பதுதான். என்னைவிட இருபது வயது சின்னவள், திட்டும்போது மட்டும் என் மாமியார். முதல் வாரம் மூன்று தடவை விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு, உனக்குப் போனில் கை தெரியாமல் உட்கார்ந்து பேசினேன். இரண்டாவது வாரம் வண்டி என் சொல்பேச்சுக் கேட்க ஆரம்பித்தது. ஆனால் நான் செய்த ஒரு முட்டாள்தனம், கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவேன், பைக்குள் போன். அங்கே நீ அலுவலகம் முடித்து வந்து உட்கார்ந்து பார்த்தால், அம்மாவின் புள்ளி ஒரு பொட்டல்வெளியில் சுற்றுகிறது, மறுபடி சுற்றுகிறது, குறுக்கே போகிறது, திரும்பவும் சுற்றுகிறது, தினம் முக்கால் மணி நேரம், ஒன்பது நாள். வழி தெரியாமல் அலைகிறாள், அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று நீ முடிவே கட்டிவிட்டாய். நீ பயந்ததை நான் குறை சொல்லவில்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள், நம் வீட்டில் பிள்ளை மனமும் சேர்ந்து பித்தாகிவிட்டது.

பத்தாம் நாள் காலை நான் எட்டின் இரண்டாவது வளைவில் இருக்கிறேன், மைதான ஓரத்தில் ஒரு வேன் வந்து நிற்கிறது, உன் மாமா இறங்குகிறான், அவன் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். யாருக்கு என்ன ஆச்சோ என்று பார்த்த பதற்றத்தில் நான் பிரேக்கைப் பிடித்துச் சாய்ந்தேன். தம்பி ஓடி வந்து "அக்கா, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டான். எனக்கு வந்த எரிச்சலில் "தெரியலையே, முப்பது வருஷமா என் டிபன் கேரியரைத் திருப்பித் தராத ஒருத்தன் மாதிரி இருக்கு" என்றேன். அதையும் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு ஞாபகமறதி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டான். டாக்டர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கழித்தேன். போதுமா என்று கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு வார்டு எக்ஸ்டென்ஷன் நம்பரையும் பிணவறை வரைக்கும் ஒப்பித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இந்த அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, கூட்டி வந்தவர் வேண்டுமானால் பிரஷர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பிரேக் அக்கா தேர்வுக்குப் பதிந்தபோது என் போனில் இருந்த உன் நம்பரே தானாகப் போய்விட்டது, அதனால் தேதி குறித்த செய்தி உனக்கு வந்தது, நீ ஒரே தட்டில் ரத்து செய்தாய். "இந்த வயசுல எதுக்கும்மா, மாசக் கடைசியில வீட்டைப் பூட்டிட்டு மாமா வீட்டுக்குப் போயிடு, நான் பேசிட்டேன்" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, நீ கவனித்திருக்கமாட்டாய். அன்று சமையலறையில் நின்றுகொண்டு அழுதேன். இந்த வீட்டில் எனக்கு மிச்சமிருந்தது என் காலும் என் நேரமும்தான், அதுவும் கையைவிட்டுப் போகிறதே என்று அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

என் பெயரில் தனி நம்பர் வாங்குவது பெரிய விஷயமில்லை, அரை மணி நேர வேலை. லைசென்ஸ் அலுவலகத்தில் பழைய நம்பரை எடுத்துவிட்டு இதை ஏற்றுவதுதான் மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. நம்பரை மாற்ற ஓடிபி வேண்டுமாம், அந்த ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகுமாம். கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வீட்ல இருந்தே போன்ல பண்ணிக்கலாம்மா" என்றாள். அந்தப் போனால்தான் இங்கே வந்திருக்கிறேன் என்றேன். நாளைக்கு வாருங்கள் என்றாள், நாளைக்கும் இங்கேதான் இருப்பேன், அதனால் இன்றைக்கே இருந்துகொள்கிறேன் என்று எதிர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். லைனைக் காக்க வைத்தே பிழைத்தவளுக்குக் காத்திருக்கத் தெரியாதா. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அவளே கூப்பிட்டு என்ன விஷயம் என்று முழுசாகக் கேட்டாள். சொன்னேன், புள்ளி முதல் சக்கர நாற்காலி வரை. "எங்கம்மா போனும் என் நம்பர்லதாம்மா இருக்கு" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கீழ் இழுப்பறையைக் குடைந்து ஒரு காகிதப் படிவத்தை எடுத்தாள். இருக்கிறது, எப்போதும் இருந்திருக்கிறது, கேட்பவர்கள்தான் இல்லை. கையெழுத்துப் போட்டேன், முத்திரை குத்தினாள், புதுத் தேதி என் நம்பருக்கே வந்தது. அந்தச் செய்தியின் சத்தத்தைக் கேட்டு நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன்.

தேர்வன்று போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். எனக்கு முன்னால் நின்ற மீசைக்காரர் முதல் வளைவிலேயே காலை ஊன்றி வெளியே போனார். பிரேக் அக்கா வேலிக்கு வெளியே நின்று வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டினேன் கண்ணு. ஒரு வளைவு, நடுவில் குறுக்கே, அடுத்த வளைவு, கோட்டைத் தொடாமல் வந்து நிறுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் தேர்வு எடுக்கிற அதிகாரி குனிந்து அவருடைய போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நீங்க ஓட்டியாச்சா? நான் பாக்கலையே" என்கிறார். வேறு நாளாயிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்று எனக்கிருந்த தைரியத்தில், அதற்கென்ன, போனை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை போடுகிறேன் என்று சொல்லி மறுபடியும் போட்டேன், முதல் தடவையைவிட நன்றாக. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள், பிரேக் அக்கா வேலிக்கு மேலே ஏறி விசில் அடித்தாள். வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் உன் செய்தி: "இன்னிக்கு வீட்டுலயே இருக்கே போல, நல்லா ரெஸ்ட் எடும்மா". வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக, வயிறு வலிக்கிற வரைக்கும்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். வீட்டைப் பூட்டுகிற பேச்சு முடிந்தது, மாமாவும் ஒத்துக்கொண்டான், அவனே போன வாரம் கண் டாக்டரிடம் நான் வாங்கிய ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்துதான் போனான், வழி முழுக்க என் தோளைப் பிறாண்டிக்கொண்டு. டாக்டர், மருந்து, கேஸ், நூலகம் எல்லாம் என் நம்பருக்கு மாற்றியாயிற்று. புள்ளியை அணைத்துவிட்டேன். நான் விழுந்தால் போனில் அழுத்துகிற சிவப்புப் பொத்தானை மட்டும் வைத்திருக்கிறேன், அது உனக்காக, உன் பயம் எனக்குப் புரிகிறது, இவ்வளவு தூரத்தில் இருக்கிறவளுக்கு வேறு என்ன வழி. ஆனால் ஒன்று சொல்லட்டுமா. தினமும் பேசுகிறோம், ஆனால் நீ எடுத்ததுமே இன்னிக்கு பல் டாக்டர்கிட்ட போனியாமே, மருந்து வந்துடுச்சாமே என்றுதான் ஆரம்பிக்கிறாய், என்னிடம் சொல்வதற்கு ஒரு செய்திகூட மிச்சமில்லாமல் போய்விட்டது. என் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தபோதுகூட மாமாவைக் கேட்டாய், டாக்டரைக் கேட்டாய். என்னை, "ஏம்மா, காலங்காத்தால அங்க என்ன பண்றே" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், சொல்வதற்கு எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், குட்டியின் கன்னத்தில் எனக்குப் பதிலாக ஒன்று வை. குளிருக்குக் காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் வலிக்கும். அடுத்த தடவை வரும்போது விமான நிலையத்திலிருந்து உனக்கென்று போனில் வண்டி எதுவும் கூப்பிடாதே, பெட்டியையும் குட்டியையும் மாப்பிள்ளையோடு டாக்சியில் அனுப்பிவிடு, வாசலில் நான் நிற்பேன், உனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறேன். வழியில் நீ என்னை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் மட்டுமே தெரியவரும்,
உன் அம்மா